காதுக்குப் பின்னால் ஒரு கிட்டார்

எங்கள் பக்கத்து மேடைக் கலைஞர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். கட்டுரை கேட்டு வீட்டுக்கு வந்த தம்பிகள் இரண்டு பேர், சுவரில் தொங்கும் பதினொரு எலெக்ட்ரிக் கிட்டாரையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு, "இதுல எதுண்ணே டாப்பு?" என்று கேட்டார்கள். மூலையில் தொங்குவதைக் காட்டினேன். கத்தரிப்பூ நிறம் உரிந்து, தலைப்பக்கம் பாலிஷ் தேய்ந்து வெள்ளைக் கட்டை தெரியும் கிட்டார் அது. ஒருவன் எடுத்து ஆம்பில் சொருகி வாசித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"என்னண்ணே, எண்ணெய் டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கு?"

"ஸ்பீக்கர்ல கேட்டா அப்படித்தாம்லே இருக்கும். அத மரத்துல கேக்கணும்" என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கிழவனுக்கு மறை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். போகட்டும். எழுதச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், எழுதுகிறேன்.

நான் கிட்டார் கற்ற கதையில் சொல்ல ஒன்றும் இல்லை. பகலில் சிவகாசியில் காலண்டர் கம்பெனி ஒன்றில் கட்டிங் மெஷின் ஓட்டினேன். சாயங்காலம் விருதுநகரில் ஒரு வாத்தியாரிடம் விரல் தேய்த்தேன். கல்யாணமான வருஷம் மெஷினை விட்டுவிட்டு கிட்டாரோடு நின்றுகொண்டேன். என் மாமனார் அதற்காக என்னோடு முகம் கொடுத்துப் பேசாமலேயே போய்ச் சேர்ந்தார். என் மனைவி பாக்கியம் பேசினாள். கொஞ்சம் அதிகமாகவே பேசினாள்.

எங்கள் இன்னிசைக் குழுவின் தலைவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். ஆர்மோனியத்தில் தொடங்கி கீபோர்டுக்கு வந்தவர். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் வெற்றிலைப் பொட்டலம். யாரையும் வாய்விட்டுப் பாராட்டியதில்லை. ஒரு பாட்டு சரியாக வந்துவிட்டால், தலையைத் தூக்காமல் "அடுத்தது" என்பார். அவ்வளவுதான் அவருடைய பாராட்டு. சரியில்லை என்றால் ஒன்றும் சொல்லாமல் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அவர் கை கண்ணாடிக்குப் போனால் நாங்களே பாட்டை முதலிலிருந்து எடுத்துவிடுவோம்.

பெண் குரலுக்கு எங்களிடம் இருந்தவள் சந்தனமாரி. தாயில்பட்டிப் பிள்ளை. அம்மா, அக்கா, அத்தை எல்லோரும் காலையில் வேன் ஏறிப் பட்டாசு ஆபீசுக்குப் போகிறவர்கள். எங்கள் பக்கம் ஆலை என்று சொல்ல மாட்டோம், ஆபீஸ்தான். மாரியும் கொஞ்ச காலம் வெடிக்குத் திரி சொருகியவள்தான். கோயிலில் அவள் பாடியதைக் கேட்டு மாஸ்டர் கூட்டிக்கொண்டு வந்தார். மேடை ஏறிய பிறகு அவள் வேன் ஏறவில்லை. "இனி எம்மேல மருந்து வாடை அடிக்காதுண்ணே" என்று அடிக்கடி சொல்வாள். அதனாலோ என்னவோ, பவுடரும் மல்லிகைப் பூவும் ஒரு சுற்று கூடுதலாகவே இருக்கும்.

வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். மற்ற ஊர்களில் பாட்டுப் பிடித்தால் கை தட்டுவார்கள். எங்கள் வெடி ஊர்களில் சரம் கொளுத்துவார்கள். மேடைக்கு முன்னால் கொளுத்தி, அது படபடவென்று வெடித்து முடிகிறவரை நாங்கள் வாசித்துக்கொண்டே இருக்க வேண்டும். அடுத்த பாட்டுக்குப் போய்விட்டால் கொளுத்தினவருக்குக் கோபம் வந்துவிடும். தன் கையால் செய்த வெடியை உனக்காக வெடிக்கிறான் என்றால் அது சின்ன மரியாதை இல்லை. நாங்களும் அதைச் சந்தோஷமாகத்தான் வாங்கிக்கொண்டோம்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரில் கோயில் கொடைத் திருவிழா. பொழுது சாய்கிற நேரம். மாரி பாடி முடித்ததும் ஒருவர் உற்சாகத்தில் சரத்துக்குப் பதிலாக அணுகுண்டு வெடியை வைத்து, சத்தம் கூடட்டும் என்று மேலே ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தார். டப்பா சரிந்து வெடி மேடைக்கு எகிறியது. மாரி தண்ணீர்ச் சொம்பை எடுக்கக் குனிந்திருந்தாள். அவள் தலைக்குப் பக்கத்திலேயே வெடித்தது.

முகத்தில் ஒரு கீறல் இல்லை. எழுந்து நின்று எங்களைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தாள். "ஒண்ணும் இல்லண்ணே, ஒண்ணும் இல்ல" என்று கத்திக்கொண்டே இருந்தாள். ஏன் இவள் இப்படிக் கத்துகிறாள் என்று பார்த்தால், இரண்டு காதிலிருந்தும் ரத்தம் கம்மலில் இறங்கிக்கொண்டிருந்தது. வெடி வைத்தவர் மறுநாள் பழமும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அவரைத் திட்ட எங்களுக்கு வாய் வரவில்லை.

புண் ஆறியது. காது திரும்பவில்லை. முகத்துக்கு நேரே நின்று கத்தினால் கொஞ்சம் கேட்கும், மற்றபடி உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். பாட்டு எதுவும் கேட்காது. அதைவிடக் கொடுமை, அவள் குரல் அவளுக்கு உள்ளே நன்றாகவே கேட்டது. அதனால் அவள் தப்பாகப் பாடுகிறாள் என்று அவளுக்கே தெரியாது. ஒத்திகையில் மாஸ்டர் சுருதியை அழுத்திப் பிடித்தபடி தலையை அசைப்பார். அவள் தன் மனசில் இருக்கும் சுருதியில் எடுப்பாள். நாங்கள் ஒரு இடத்தில் இருப்போம், அவள் அதற்குக் கீழே வேறொரு இடத்தில் அழகாகப் பாடிக்கொண்டு போவாள். மாஸ்டர் உள்ளங்கையைக் கவிழ்த்து "இறங்குது" என்று காட்டுவார். ஏற்றுவாள், கூடிப்போகும். மாஸ்டர் கை கண்ணாடிக்குப் போகும். அதை அவளும் பார்ப்பாள்.

ஒருநாள் மாஸ்டர் அவளை எதிரே உட்கார வைத்து, உதடு தெரியும்படி மெதுவாகச் சொன்னார். "பங்குனிப் பொங்கலுக்கு மதுரையில இருந்து ஒரு பிள்ளை வருதும்மா. நீ கொஞ்ச நாளு வீட்ல இரு."

"வீட்லன்னா எங்க மாஸ்டர்?" என்றாள் அவள். "எங்க வீட்ல பகல்ல யாரு இருக்காக? எல்லாம் ஆபீசுக்குப் போறவுகதான். நானும் போகணும். போனா, ஏதாச்சும் ஒண்ணுன்னா ‘ஓடு’ன்னு கத்துவாக. அது எனக்குக் கேக்குமா?"

மாஸ்டர் வெற்றிலைப் பொட்டலத்தைப் பிரித்தார், மடித்தார், மறுபடியும் பிரித்தார். நான் வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்காமல் எழுந்துவிட்டேன். விஷயத்தைக் கேட்ட பாக்கியம், "மதுரைப் பெரிய டாக்டர்ட்ட ஒருக்கா காட்டிட்டு அப்புறமா சாப்பிடாம இருங்க" என்றாள். நான் மட்டும் மாரியைக் கூட்டிப்போனால் ஊர் வாயில் விழ வேண்டிவரும் என்று அவளும் கிளம்பினாள்.

அந்த டாக்டர் மேஜை டிராயரிலிருந்து எடுத்ததைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கவட்டை மாதிரி இரண்டு இரும்புக் காலோடு இருக்கும் சுருதிக்கட்டை, டியூனிங் ஃபோர்க். என் வாத்தியார் அதை வைத்துத்தான் கிட்டாருக்குச் சுருதி சேர்ப்பார். டாக்டர் அதை முழங்கையில் தட்டி மாரியின் காதுக்கு அருகே பிடித்தார். "கேக்கல" என்றாள். மறுபடி தட்டி, அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்பில் வைத்து அழுத்தினார்.

மாரியின் முகம் மாறியது. "கேக்குது" என்றாள். அதோடு நிற்காமல் வாயை மூடிக்கொண்டு "ம்ம்ம்" என்று அந்தச் சுருதியைப் பிடித்தாள். ஒரு மயிரிழை பிசகவில்லை. நான் நாற்காலியை விட்டு எழுந்து, "இன்னொருக்கா தட்டுங்க டாக்டர், இன்னொருக்கா" என்று கத்திவிட்டேன். அவர் பயந்துபோனார்.

"முன்வாசல் இடிஞ்சு அடைச்சிருக்கு. கொல்லைப்பக்கக் கதவு திறந்துதான் இருக்கு" என்று டாக்டர் விளக்கினார். காது நரம்பு நன்றாக இருக்கிறது, எலும்பு வழியாகப் போகும் சத்தம் உள்ளே சேர்கிறது. ஆபரேஷன் பண்ணிப் பார்க்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். மாரி ஆபரேஷன் என்றதும் பாக்கியத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள். இனி யாரும் தன் காதில் கை வைக்க வேண்டாம் என்றாள்.

திரும்பி வரும் பஸ் முழுக்க எனக்கு ஒரே யோசனை. வீட்டுக்கு வந்ததும் அவளை முக்காலியில் உட்கார வைத்தேன். முதலில் சாதா கிட்டாரின் தலையைக் காதுக்குப் பின்னால் வைத்து மீட்டினேன். "எங்கயோ கிணத்துக்குள்ள கேக்குது" என்றாள். பிறகு என் கறுப்பு எலெக்ட்ரிக் கிட்டாரை, வயர் எதுவும் சொருகாமல், கழுத்தைச் சாய்த்து அதே இடத்தில் வைத்தேன். ஆம்ப் இல்லாமல் அது எனக்கே சரியாகக் கேட்காது. ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வயிறு உள்ள கிட்டார் சத்தத்தைக் காற்றில் கொட்டிவிடும், பலகைக் கிட்டார் மரத்துக்குள்ளேயே வைத்துக்கொள்ளும் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. பல்லவியின் முதல் சுரத்தைப் பிடித்தேன். அவள் எடுத்தாள். சுத்தமாக எடுத்தாள். அடுப்படியிலிருந்து பாக்கியம் கரண்டியோடு ஓடி வந்து, "ஏ மாரி! பழைய மாதிரியே இருக்குடி!" என்று கத்தினாள். மூன்று பேரும் அழுதோம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஒத்திகைக்குப் போய் மாஸ்டரிடம் காட்டினேன். அங்கேதான் ஒரு வில்லங்கம். கிட்டாரை ஆம்பில் சொருகி, தலையை அவள் காதுக்குப் பின்னால் வைத்தேன். அவள் மைக்கை உதட்டுக்குக் கொண்டுபோனாள். பளாரென்று ஒரு ஷாக். மைக்கை வீசிவிட்டுச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டாள். கம்பியை முறுக்கும் இரும்புக் கீ அவள் தோலில், மைக் உதட்டில். இரண்டுக்கும் வேறு வேறு லைன், ஒன்றில் எர்த் இல்லை.

"ஏலே தங்கராசு, காது போனவளுக்கு உசிரும் போகணுமாலே?" என்று மாஸ்டர் எழுந்துவிட்டார்.

நான் வயரைப் பிடுங்கிச் சுருட்டத் தொடங்கினேன். மாரிதான் உதட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "மாஸ்டர், கோவப்படாதீக. எங்க ஆபீஸ்ல ரூமுக்குள்ள போறதுக்கு முன்ன செம்புத் தகட்டத் தொட்டுட்டுத்தான் போவோம். ஒடம்புல இருக்க கரண்டு மண்ணுக்குப் போயிரும். இங்கனயும் மண்ணுக்குப் போக ஒரு வழி வைங்க."

மைக் செட்காரர், அந்தக் கரண்ட் வேறு இந்தக் கரண்ட் வேறு, ஆனால் வைத்தியம் ஒன்றுதான் என்றார். அன்றிலிருந்து எங்கள் கச்சேரிக்கு ஒரு புது வழக்கம் வந்தது. மேடைக்குப் பின்னால் ஒரு குழி தோண்டுவேன். கரியும் உப்பும் போட்டு, செம்புக் கம்பியை இறக்கி, ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவேன். மைக்கும் ஆம்பும் அதே எர்த்தில்தான் சேர வேண்டும். பிறகு ஒரு கையில் கிட்டார் கம்பியையும் மறு கையில் மைக்கையும் நானே பிடித்துப் பார்ப்பேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால்தான் மாரி மேடை ஏறுவாள். "கச்சேரிக்கு வந்தீகளா, கெணறு வெட்ட வந்தீகளா?" என்று கேட்காத ஊர் கிடையாது.

மாஸ்டர் ஒப்புக்கொண்டது ஒரே ஒரு பாட்டுக்கு. பங்குனிப் பொங்கல் சமயம் விருதுநகரில் ஒரு தெரு மேடை. மதுரைப் பிள்ளை மற்ற பாட்டுகளைப் பாட வேண்டும், நடுவில் மாரிக்கு ஒன்று. அது சரியாக வராவிட்டால் அப்புறம் பேச்சே கிடையாது என்று சொல்லிவிட்டார். மாரியின் அம்மா கூட்டத்தில் கடைசியில் நின்றுகொண்டிருந்தார். வரும் திங்கட்கிழமையிலிருந்து மகளை வேலைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லி போர்மேனிடம் பேசிவைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஏற்பாடு இதுதான். நான் அவளுக்கு இடப்பக்கம் ஒட்டி நிற்பேன். பல்லவிக்கு முன்னால் கிட்டார் கழுத்தைச் சாய்த்து அவள் காதுக்குப் பின்னால் வைப்பேன். சுருதி கிடைத்ததும் எடுத்துவிடுவேன். சரணத்துக்கு முன்னால் வரும் இசையில் மறுபடி வைப்பேன்.

பல்லவி கச்சிதமாக வந்தது. அனுபல்லவியும் வந்தது. கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. பிடித்தால் என்ன செய்வார்கள்? யாரோ சரத்தை விரித்துக் கொளுத்திவிட்டார்கள். சத்தம் அவளுக்குக் கேட்டிருக்காது. ஆனால் புகையைப் பார்த்துவிட்டாள். சரணத்தின் முதல் வரியிலேயே உடம்பு ஒடுங்கியது, குரல் நழுவத் தொடங்கியது. நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கை கண்ணாடியை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

யோசிக்க நேரமில்லை. பாடிக்கொண்டிருக்கும்போதே கழுத்தைச் சாய்த்து வைத்துவிட்டேன். மாரி இடது கையைத் தூக்கி கிட்டார் தலையைப் பிடித்துத் தன் எலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். விடவில்லை. புகைக்குள் கண்ணை மூடிக்கொண்டு, நழுவிய குரலை ஒரு இழுப்பில் மேலே கொண்டுவந்து, சரணம் முழுக்க அப்படியே பாடினாள். அவள் பாடுவது மரம் வழியாக என் விரலுக்கு வந்தது. அதுவரைக்கும் அப்படி ஒன்றை நான் உணர்ந்ததில்லை. அது புது ஸ்டைல் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது.

பாட்டு முடிந்தது. மாஸ்டர் கண்ணாடியைத் தொடவில்லை. தலையைத் தூக்கினார். அவள் உதட்டைப் படிக்க வேண்டுமே, அதற்காக அவள் பக்கம் திரும்பி, நிறுத்தி நிதானமாகச் சொன்னார்.

"அடுத்தது."

மாரி திங்கட்கிழமை வேன் ஏறவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாளும் ஏறவில்லை.

அப்புறம்தான் என் கிட்டார் பைத்தியம் தொடங்கியது. இன்னும் தெளிவாக மரம் பேசும் கிட்டார் எங்காவது இருக்கும் என்று தேடினேன். மதுரைக் கடைகளுக்கு மாரியையும் பாக்கியத்தையும் கூட்டிக்கொண்டு போவேன். கடைக்காரர் ஆம்பைப் போடப் போவார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கிட்டாரை அப்படியே எடுத்து அந்தப் பிள்ளை காதுக்குப் பின்னால் வைத்து மீட்டுவேன். கடைக்காரர்கள் என் மனைவியைப் பரிதாபமாகப் பார்ப்பார்கள். சிவப்பு கிட்டாரில் தலை லேசு, அதனால் அடி சுரம் போய்ச் சேரவில்லை. ஜப்பான் கிட்டார் ஸ்பீக்கரில் தேனாக ஒழுகும், எலும்பில் வைத்தால் ஊமை. வெள்ளைக் கிட்டாரில் ஒரு கீ தளர்ந்து, "கொசு ஒண்ணு கூடவே பாடுதுண்ணே" என்றாள். கடைசியில் சிவகாசியில் கலைந்துபோன ஒரு கல்லூரிக் குழுவிடமிருந்து இந்தக் கத்தரிப்பூ கிட்டார் வந்தது. எவன் செய்தானோ, கனத்த கட்டை. வைத்ததும் மாரி, "இது வீட்டுக்குள்ள வந்து வாசிக்குதுண்ணே" என்றாள். அதற்குப் பிறகும் வாங்கினேன். ஆசை யாரை விட்டது? எதுவும் இதை ஜெயிக்கவில்லை.

ஊர் பேசியது. பாட்டுக்காரி தோளில் கிட்டாரைச் சாய்க்கிறான், வீட்டில் பெண்டாட்டி கேட்கமாட்டாளா என்று பேசியது. ஒரு கல்யாண வீட்டில் பாக்கியத்தின் காதுபடவே பேசினார்கள். வீட்டுக்கு வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திடீரென்று எழுந்துபோய்க் கட்டிங் பிளேயரையும் அரத்தையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

"பேசுறவுக பேசட்டும். நேத்து அந்தப் பிள்ளை காதுக்குப் பின்னால கம்பி குத்தி ரத்தக் கோடு போட்டிருக்கு, பாத்தீகளா நீங்க? நுனியை ஒட்ட வெட்டி ராவி விடுங்க. அம்புட்டுக் கூடவா கவனம் இல்ல?"

அதிலிருந்து ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் பாக்கியம் கிட்டார் தலையைத் தன் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் உறையில் போடுவாள்.

மாரி அப்படியே வருஷக்கணக்காகப் பாடினாள். அவளுக்குக் கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள். மாஸ்டர் காலமானார். குழு கலைந்தது. என் விரல் மூட்டுகள் வீங்கி, நான் மேடையை விட்டு இறங்கினேன். வேறு யாரும் கிட்டார் கழுத்தைச் சாய்த்துப் பிடிக்க வேண்டாம் என்று மாரியும் இறங்கிவிட்டாள்.

போன மாதம் மகளோடு வீட்டுக்கு வந்தாள். மகள் கோயம்புத்தூரில் நர்ஸ். காதுக்குப் பின்னால் எலும்பில் உட்காரும் ஒரு மெஷினைத் தேடிப் பிடித்து அம்மாவுக்கு மாட்டியிருந்தாள். "அண்ணே, இப்ப அம்புட்டும் கேக்குது! காக்கா, பஸ்ஸு, உங்க அடுப்படியில அக்கா போடுற மிக்சி, எல்லாம்!" என்று வாசலிலேயே சொல்லிக்கொண்டு வந்தாள். பாக்கியம் அவள் முகத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜப்பான் கிட்டாரை எடுத்து, ஆம்பில் போட்டு, இவ்வளவு வருஷமும் அவள் கேட்காத அந்தத் தேனை இன்றாவது கேட்கட்டும் என்று, அவள் மேடையில் பாடிய அந்தப் பாட்டையே வாசித்தேன். வீங்கிய விரல் வலித்தது. வாசித்தேன்.

மாரி தலையைச் சாய்த்துக் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இதத்தான் அம்புட்டு வருசமா வாசிச்சீகளாண்ணே?"

"ஏன் மாரி, நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு. ஊரெல்லாம் இதக் கேட்டுத்தான் விசிலடிச்சாகளாக்கும்" என்றாள். பிறகு மெஷினைக் கழற்றி மகள் கையில் கொடுத்துவிட்டு, மூலையைக் காட்டினாள். "எனக்கு வாசிச்சத வாசிங்க."

கத்தரிப்பூ கிட்டாரை இறக்கினேன். பாக்கியம் வந்து அதன் தலையைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தாள். வயர் சொருகவில்லை. கழுத்தைச் சாய்த்தேன். மாரி இடது கையால் அதைப் பிடித்து, பாலிஷ் தேய்ந்த இடம் சரியாகப் பொருந்தும்படி காதுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு பாடினாள். குரல் தடித்துவிட்டது. மேலே போகும்போது கொஞ்சம் உடைகிறது. சுருதி ஒரு மயிரிழை பிசகவில்லை.

பாட்டு முடிந்து நான் கையை எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. கண்ணைத் திறக்காமல், மாஸ்டர் சொல்வது போலவே சொன்னாள்.

"அடுத்தது."